சகோதரன் பென்னிக்காக ஜெபிப்போம்

எனக்கு நாய் என்றால் பயம். கல்யாணத்துக்கு முன்னால் இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அந்த வீட்டில் நாய் உண்டா என்று கேட்கவும் இல்லை.

மற்ற எல்லாவற்றையும் பேசினோம். நான் முட்டத்துக் கடற்கரைக் கத்தோலிக்கக் குடும்பம். என் கணவர் ஜெபின், பூதப்பாண்டி போகும் சாலையில் வயலைப் பார்த்து வீடு கட்டியிருக்கும் புராட்டஸ்டண்ட் குடும்பம். தாலி எந்தக் கோயிலில், ஞாயிற்றுக்கிழமை யார் எங்கே போவது, மாதா படத்தை எந்தச் சுவரில் மாட்டுவது என்று இரண்டு வீட்டாரும் எட்டு மாதம் பேசி முடித்தார்கள். பென்னியைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

பென்னியின் முழுப் பெயர் பெஞ்சமின். ஜெபினின் அம்மா, என் மாமி, கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற மாதத்தில் வந்து சேர்ந்தவன். வேதாகமத்தில் யாக்கோபுக்குக் கடைசி மகன் பெஞ்சமின்; இந்த வீட்டில் மாமிக்குக் கடைசி மகன் இவன். வெள்ளை உடம்பில் தேன் நிறத் திட்டுகள். ஒரு தலையணை அளவுதான் இருப்பான். ஆனால் பயத்துக்கு அளவு முக்கியமில்லை. சின்ன வயதில் நான் மீன் வாங்கிக்கொண்டு வரும்போது கடற்கரை நாய் ஒன்று என் பாவாடையைக் கவ்வி, வீட்டு வாசல் வரை விடாமல் கூடவே வந்தது. அன்றிலிருந்து வாலாட்டும் எதைப் பார்த்தாலும் எனக்குக் கால் நடுங்கும்.

மாமி என்னிடம் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. 'வாங்க ஷீபா', 'சாப்பிடுங்க ஷீபா' என்று, பள்ளிக்கூடத்துக்கு வந்த பெற்றோரிடம் பேசுவதைப் போலப் பேசுவார். சொந்தப் பிள்ளைகளையும் பென்னியையும்தான் நீ, வா, போ என்பார். எங்கள் வீட்டில் அம்மா என்னை 'ஏட்டி' என்று கூப்பிட்டுத் திட்டாமல் ஒரு பொழுது விடிந்ததில்லை. இங்கே கல்யாணமாகி ஆறு மாதம் ஆகியும் நான் விருந்தாளியாகவே இருந்தேன்.

அந்தச் சமயத்தில் மஸ்கட்டில் இருக்கும் மைனிக்கு, அதாவது ஜெபினின் அக்காவுக்கு, இரண்டாவது பிரசவம் வந்தது. மாமி மூன்று மாதத்துக்குக் கிளம்பினார். ஜெபினுக்குத் திருவனந்தபுரத்தில் வேலை, சனிக்கிழமைதான் வீட்டுக்கு வருவார். மாமா வீட்டில் இருந்தாலும் பாதி நேரம் பின்னால் வாழைத்தோட்டத்தில் இருப்பார். அதனால் மாமி என்னைப் பார்த்துச் சொன்னார்: "பென்னியை உங்கள நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்."

தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு மாமி வீடியோவில் கூப்பிடுவார். மாமா பென்னியைத் தூக்கிக் காட்டுவார். நான் இரண்டடி தள்ளி நின்று போனைப் பிடிப்பேன். பத்தாம் நாளோ என்னவோ, மாமி கேட்டார்: "ஷீபா, நீங்க அவனத் தூக்கவே மாட்டியளா?"

கோபமாகக் கேட்கவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்கு அது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. நாளைக்கு நாலு மணிக்கு பென்னி என் கையில் இருப்பான் என்று முடிவு செய்தேன்.

மறுநாள் காலை ஒத்திகை. முன்வராந்தாவில் நின்று, அடுப்புப் பாத்திரம் இறக்கும் துணியை இரண்டு கையிலும் சுற்றிக்கொண்டு (வெறுங்கையால் தொட இன்னும் தைரியம் வரவில்லை), கண்ணை மூடிக்கொண்டு அவனைத் தூக்கினேன். பென்னிக்கே ஆச்சரியம். அசையாமல் என் முகத்தைப் பார்த்தான். அவனுடைய இதயம் துணிக்குள் அடிப்பது எனக்குத் தெரிந்தது. என்னுடையதும் அதே வேகத்தில்தான் அடித்துக்கொண்டிருந்தது. முப்பது வரை எண்ணினேன்.

அப்போது கேட்டில் மீன்காரரின் ஹாரன் அடித்தது. பென்னி ஒரு நாளும் அந்த ஹாரனைத் தவறவிட்டவன் இல்லை. துள்ளினான்.

அவன் சாடினானா, நான் கையை விட்டேனா என்று பிறகு பலமுறை விசாரணை நடந்திருக்கிறது. சௌகரியப்படி இரண்டையும் சொல்லியிருக்கிறேன். உண்மை, அவன் துள்ளினான், நான் பயந்து கையை விட்டேன். வராந்தாவுக்கு ஐந்து படி. ஐந்தாவது படியில் அவன் போட்ட சத்தத்தைக் கேட்டு மாமா வாழைத்தோட்டத்திலிருந்து ஓடி வந்தார். முன்னங்கால் ஒன்று, இருக்கவேண்டிய திசையில் இல்லை.

நாகர்கோவிலில் கால்நடை மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு மாவுக்கட்டுப் போட்டார். "ஆறு வாரம். ஓடக்கூடாது, சாடக்கூடாது, படி ஏறக்கூடாது. கெட்டு நனையக்கூடாது. கடிக்காம இருக்க கழுத்துல இதப் போட்டு விடுங்க" என்று புனல் போன்ற ஒரு பிளாஸ்டிக் வளையத்தைக் கொடுத்தார். பென்னி அதற்குள்ளிருந்து என்னையே பார்த்தான். திரும்பி வரும்போது காரில் அவன் தலை என் மடியில் இருந்தது. நான் துணி சுற்றாமல் அவனைத் தூக்கியிருக்கிறேன் என்பது வீடு வந்து சேர்ந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

"அவகிட்ட சொல்லணுமே மக்களே" என்றார் மாமா.

"வேண்டாம் மாமா. அங்க மைனிக்கு மாசம் ஒம்பது. மாமி வெப்ராளப்படுவாங்க."

இது பாதி உண்மை. மீதிப் பாதி, எனக்கு மாமியின் முகத்தைப் பார்த்துச் சொல்லப் பயம். சொன்னால் 'பரவாயில்ல ஷீபா, விடுங்க' என்று மரியாதையாகச் சொல்லுவார். அந்த மரியாதையை நினைத்துப் பயந்தேன்.

மாமா வெகுநேரம் யோசித்தார். "நான் பொய் சொல்ல மாட்டேன். அவ கேட்டா சொல்லிருவேன். அதனால கேக்க முடியாத எடத்துல இருந்துக்கிடுகேன்." அன்றிலிருந்து நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது மாமா வாழைத்தோட்டத்துக்குப் போய்விடுவார். போனை வீட்டிலேயே வைத்துவிடுவார்.

பொய் முழுவதும் என் தலையில் விழுந்தது. எனக்கு அதில் பயிற்சி கிடையாது. நாலு மணிக்குப் புனலைக் கழற்றுவேன். பென்னியை மடியில் கிடத்தி, காலை மறைக்கத் துண்டைப் போர்த்துவேன். தலை மட்டும் தெரியும்படி போனைப் பிடிப்பேன்.

"அவன் என்ன, எந்திச்சு வரல்ல?"

"தூங்குதான் மாமி."

"கண்ண முழிச்சிட்டுல்லா இருக்கான்?"

"இப்பதான் முழிச்சான் மாமி."

"துண்டு எதுக்கு?"

"குளிரு மாமி."

ஏப்ரல் மாதம். எனக்குப் பின்னால் மின்விசிறி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நெற்றி வியர்வை மூக்கு நுனியில் வந்து நின்றது. மாமி, "சரி, நல்லாப் பாத்துக்கிடுங்க" என்று மட்டும் சொல்லி வைத்தார். மாமியின் குரல் கேட்டதும் பென்னி முனகிக்கொண்டு போனை நக்கினான். அவனும் பொய் சொல்ல ஒத்துழைக்கிறான் என்று எனக்குத் தோன்றியபோது, வெட்கமாக இருந்தது.

ஆனால் அந்த நாட்களில்தான் நான் அவனைத் தெரிந்துகொண்டேன். வயிற்றுக்கடியில் துண்டைக் கொடுத்து இரண்டு பக்கமும் தூக்கிப் பிடித்தால்தான் மூன்று காலில் நின்று ஒன்றுக்குப் போவான். போய் முடித்ததும் நன்றி சொல்வதைப் போல ஒருமுறை திரும்பிப் பார்ப்பான். சாளை மீனை அவித்து முள்ளெடுத்துச் சோற்றில் பிசைந்து கொடுத்தால் சாப்பிடுவான். முள் எடுக்காமல் வைத்தால் என்னைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பான். வலிக்கும்போது குரைக்க மாட்டான். என் கட்டைவிரலை வாயில் மெதுவாகப் பிடித்துக்கொள்வான். முதல் தடவை பிடித்தபோது எனக்கு உயிர் போயிற்று. பிறகு நானே விரலை நீட்டினேன்.

அந்தப் பாசத்தில்தான் பெரிய தவறைச் செய்தேன். மூன்றாவது வாரம் மாவுக்கட்டு மேலே கொஞ்சம் தளர்ந்தது போல் தெரிந்தது. டாக்டரைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வீட்டில் இருந்த துணிப்பட்டையை எடுத்து அதற்கு மேல் நானே ஒரு கட்டுப் போட்டேன். வலை முடியும் வீட்டில் பிறந்தவள் நான். கட்டுவது என்றால் கடலே வந்து இழுத்தாலும் அவிழாதபடி கட்டத்தான் எனக்குத் தெரியும்.

மூன்று நாளில் அவன் சாப்பாட்டை விட்டான். கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்கள் வீங்கிப்போய், தொட்டால் குளிர்ந்திருந்தன. டாக்டர் கட்டைப் பார்த்தார்.

"யாரு கெட்டுனது இது?"

"நான்தான்."

"என்னத்தக் கெட்டுனீங்க? வள்ளத்தையா?"

கத்தரிக்கோலால் வெட்ட முடியாமல் வேறொரு கருவியைக் கொண்டு வரச் சொன்னார். உள்ளே தோல் புண்ணாகி இருந்தது. மருந்து வைத்து, தகடு கொடுத்து லேசாகக் கட்டினார். பிறகு கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "ஒரு வாரம் பாப்போம். விரல்ல சூடும் உணர்ச்சியும் திரும்பலண்ணா காலை எடுக்கதத் தவிர வேற வழியில்ல."

வீடு வரும் வரை பென்னி என் மடியில் கண்ணை மூடிக் கிடந்தான். அந்தக் காலை நான் உடைத்தேன்; இப்போது நானே அதை இல்லாமலும் ஆக்கப்போகிறேன். முட்டத்துக்குப் போன் செய்து அம்மாவிடம் அழுதேன். அம்மா சொன்னாள்: "அழாத ஏட்டி. அந்தோணியாருக்கு ஒரு மெழுகுதிரி ஏத்துகேன். நாய்க்குண்ணு சொல்ல மாட்டேன், காலுக்குண்ணு மட்டும் சொல்லுகேன்."

ஞாயிற்றுக்கிழமை மாமாவும் ஜெபினும் நானும் ஆராதனைக்குப் போனோம். எங்கள் ஆலயத்தில் வாசலில் ஒரு பெட்டி இருக்கும். சுகவீனம், பரீட்சை, விசா எதுவானாலும் சீட்டில் எழுதிப் போட்டால் போதகர் பிரசங்கத்துக்குப் பிறகு ஒவ்வொன்றாக வாசித்து ஜெபிப்பார். போதகர் அந்த மாதம்தான் மாற்றலாகி வந்திருந்தார். இளவயது, இளகிய மனசு. நாலைந்து சீட்டுகள் வாசித்தார். ஆறாவது சீட்டைப் பிரித்தவர் ஒரு கணம் நின்றார்.

"நம் சபையைச் சேர்ந்த சகோதரன் பென்னி, கீழே விழுந்து கால் எலும்பு முறிந்து, இப்போது காலையே எடுக்க வேண்டிய நிலைமையில் இருக்கிறார். அந்தக் குடும்பத்தின் வேதனையை நாம் அறிவோம். முழங்காலில் நிற்போம்."

முந்நூறு பேர் முழங்காலிட்டார்கள்.

நான் மாமாவைப் பார்த்தேன். மாமா கண்களை இறுக மூடியிருந்தார். ஜெபினின் தோள் குலுங்கியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று இன்றுவரை அவர் சொல்லவில்லை. பென்னி யாரென்று தெரிந்தவர்கள் ஆலயத்தில் நாலைந்து பேர் இருந்தார்கள். அவர்கள் மட்டும் மெல்லத் திரும்பி எங்கள் வரிசையைப் பார்த்தார்கள். போதகர் உருகினார். "ஆண்டவரே, அவர் மறுபடியும் ஓடி ஆடி வேலைக்குப் போகவும், தன் குடும்பத்தைத் தாங்கவும், அவருடைய கால்களுக்குப் பெலன் தாரும்." பின்னால் யாரோ ஒரு அம்மா விம்மினார். நானும் ஆமென் சொன்னேன். சத்தமாகவே சொன்னேன். எனக்கு அந்தக் கால் வேண்டும்.

"ஏன் மாமா இப்படிச் செஞ்சிய?" என்று காரில் கேட்டேன்.

"நாயிண்ணும் எழுதல்ல, ஆளுண்ணும் எழுதல்ல. வீட்டில் பென்னி கீழே விழுந்து கால் முறிவு, காலை எடுக்காமல் இருக்க ஜெபிக்கவும், அவ்வளவுதான் எழுதுனேன். அதுல பொய் எங்க இருக்கு?" என்றார் மாமா.

செவ்வாய்க்கிழமை காலை வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. ஆலயத்துப் பெண்கள் ஐக்கியத்திலிருந்து ஏழு பேர் இறங்கினார்கள். கையில் ஆரஞ்சு, ரொட்டி, சத்துமாவு டப்பா. தலைமையாக வந்தவர் ராஜம் அக்கா. பெரிய ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர், சிரித்து யாரும் பார்த்ததில்லை.

"எப்படி இருக்காரு? ஜெபினுக்கு இளையவரா?"

"ஆமா... இளையவன்தான்" என்றேன். என் வாய் அப்படிப் பழகிவிட்டிருந்தது.

"பேச்சு உண்டா?"

"அவ்வளவா இல்ல."

ஒரு அம்மா கண்ணைத் துடைத்தார். "கெடையாக் கெடக்காரோ? உள்ள போய்ப் பாக்கலாமா?"

பதில் சொல்லும் முன், உள்ளே ஆள் சத்தம் கேட்ட பென்னி, புனல் கதவிலும் சுவரிலும் இடிக்க, மூன்று காலில் தத்தித் தத்தி வெளியே வந்தான். வந்து ஏழு பேருக்கும் நடுவில் உட்கார்ந்தான். உட்கார்ந்ததும் கட்டுப் போட்ட காலைத் தூக்கிக் காட்டினான்.

"அக்கா, இவன்தான் பென்னி" என்றேன். அதற்குமேல் முடியாமல் எல்லாவற்றையும் சொன்னேன். தூக்கியது, விட்டது, மாமியிடம் சொன்ன பொய், நான் போட்ட கட்டு. சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. ஆரஞ்சுப் பையைப் பிடித்திருந்த அம்மா அதைக் கீழே வைக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார்.

ராஜம் அக்கா புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். பென்னியின் காலைக் கையில் எடுத்தார். ஒவ்வொரு விரலாகத் தன் விரலுக்கு நடுவில் வைத்து, கண்ணை மூடிப் பார்த்தார். நோயாளி யாரானாலும் அந்தக் கை அப்படித்தான் பிடித்திருக்கும். பிறகு கடைசி விரலை நகத்தால் லேசாகக் கிள்ளினார். பென்னி வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டான்.

"உணர்ச்சி இருக்கு" என்றார் ராஜம் அக்கா. "சூடும் வருது. பைய வருது, ஆனா வருது. காலை எடுக்க வேண்டாம், பாத்துக்க." பிறகு மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். "என்ன நிக்கிய? வந்தது ஜெபிக்கத்தானே? இருங்க."

எல்லாரும் பென்னியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அவர்கள் ஜெபித்து முடிக்கும் வரை அவன் அசையவில்லை. புண்ணைத் துடைப்பது, கட்டை எவ்வளவு தளர்வாக விடுவது, நாளுக்கு எத்தனை தடவை காலை மடக்கி நீட்டுவது என்று எல்லாம் எனக்குக் காட்டிக் கொடுத்துவிட்டுத்தான் ராஜம் அக்கா வேனில் ஏறினார்.

அந்த வாரக் கடைசியில் டாக்டரும் அதையே சொன்னார். நான் ஆஸ்பத்திரி வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன்.

ஒரு விஷயம் மட்டும் எனக்குப் புரியவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு மாமா நாலு மணிக்கு வாழைத்தோட்டத்துக்கு ஓடுவதை நிறுத்திவிட்டார். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து நிம்மதியாகத் தேநீர் குடித்துக்கொண்டே நான் பொய் சொல்வதைக் கேட்பார். ஜெபத்தின் பலன் என்று நினைத்துக்கொண்டேன்.

புண் ஆறத் தாமதமானதால், மாமி திரும்பிய நாளில் கட்டு அவிழ்த்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. முடி மழித்த கால் குச்சிபோல் இருந்தது. பதில்களை நான் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். ஜெபின் ஓட்டி வந்த கார் கேட்டில் நுழைந்ததும், பென்னி யார் சொல்லையும் கேட்காமல் ஐந்து படியிலும் நொண்டி இறங்கி ஓடினான். மாமி கடைசிப் படியில் அப்படியே உட்கார்ந்து அவனை மடியில் ஏந்தினார். மெலிந்த காலை மேலிருந்து கீழ்வரை விரலால் தடவினார். என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை.

"மாமி, அது வந்து... மாடிப்படியில ஒரு நாளு..." என்று ஆரம்பித்தேன்.

"ஏட்டி, இனி ஒரு பொய் வாயில வந்துதுண்ணு வை, பாத்துக்க."

நான் வாயை மூடினேன். மாமி என்னை ஏட்டி என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"சபையே முழங்காலில் நிண்ணு அழுதுச்சு. எனக்குத் தெரியாதா? அங்க காலத்த ஆறரைக்கு எந்திச்சு, ஒரு வாரம் விடாம ஆராதனையப் பாக்கேன்."

கொரோனா காலத்திலிருந்து எங்கள் ஆலயத்து ஆராதனை யூடியூபில் நேரலையாகப் போகிறது. வளைகுடாவில் இருப்பவர்கள் எல்லாரும் அதைத்தான் பார்ப்பார்கள். அந்தக் காமிராவுக்குக் கீழேதான் நான் ஆமென் சொல்லியிருக்கிறேன். அன்று மத்தியானமே மாமி மாமாவைக் கூப்பிட்டிருக்கிறார். கேட்டால் சொல்லிவிடும் மாமா, எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

"நாய்க் கால் ஒடிஞ்சா கெட்டுப் போட்டா சேரும்" என்றார் மாமி. "நித்தமும் எனக்க மூஞ்சியப் பாத்து, தூங்குதான், குளிருதுண்ணு... உண்மையச் சொன்னா கடிச்சா திண்ணிருவேன்? அவ்வளவு மோசமானவளா நான் உனக்கு?"

குரல் உடைந்திருந்தது. நான் அழுதேன். ஆனால் அழுகையின் நடுவில் என் வாய் தானாகச் சொன்னது: "நீங்களும் தெரியாத மாதிரி கேட்டியளே மாமி."

மாமா இரண்டு பெட்டிகளையும் ஒரே நேரத்தில் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மாமி பென்னியின் காதைத் தடவிக்கொண்டே இருந்தார். "மொதல்ல கோவத்துலதான் சும்மா இருந்தேன். நீயா சொல்லுதியாண்ணு பாக்கதுக்கு. பொறவு பாத்தா, நீ பொய் சொல்லும்போது அவன் தலை உனக்க மடியில கெடக்கு. நீ இவன் காதைத் தடவிக்கிட்டே இருக்க. அது உனக்கே தெரியல்ல. அதப் பாத்த பொறவு எனக்குக் கேக்கத் தோணல்ல." பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: "பொறவு நாலு மணி ஆனா உனக்க மைனி, பிள்ளையைத் தொட்டில்ல போட்டுட்டு ஓடி வந்துருவா. 'அம்மா, இண்ணைக்கு ஷீபா என்ன சொல்லப் போறா?'ண்ணு. குளிருண்ணு சொன்னத அவ மாப்பிள்ளைக்கு நடிச்சே காட்டுனா."

இது நடந்து மூன்று வருஷம் ஆகிறது. மழை நாட்களில் மட்டும் பென்னி லேசாக நொண்டுவான். குடும்பம் எங்கே கூடினாலும் மைனி தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு, 'குளிரு மாமி' என்பார். சொந்தக்காரர்கள் நான் பக்கத்தில் இருப்பதை மறந்து சிரிப்பார்கள். ஆலயத்து ஜெபச் சீட்டில் இப்போது ஒரு வரி புதிதாக அச்சடித்திருக்கிறார்கள்: 'யாருக்காக (உறவுமுறையைத் தெளிவாகக் குறிப்பிடவும்).' காரணம் கேட்பவர்களுக்கு மொத்தச் சபையும் எங்கள் வரிசையைக் காட்டுகிறது.

போன மாதம் ஜெபின் வண்டியிலிருந்து விழுந்து கணுக்கால் பிசகிவிட்டது. மாமி சீட்டு எழுதிப் போட்டார். அவசரத்தில் உறவுமுறையை எழுத மறந்துவிட்டார் போலிருக்கிறது. ஆராதனை தொடங்கும் முன் போதகரே எங்கள் வரிசைக்கு வந்தார். குனிந்து, மிகவும் பணிவாக, மெல்லிய குரலில் கேட்டார்:

"அம்மா, தப்பா நினைக்காதீங்க. ஒண்ணே ஒண்ணு உறுதிப்படுத்திக்கிடணும். இந்த ஜெபின்ங்கிறது..."

மாமி என் பக்கம் கையைக் காட்டினார். "எனக்க மருமவகிட்ட கேளுங்க போதகரே. அவளுக்க மாப்பிள்ளைதான். பொய் சொல்ல மாட்டா."